இரணைமடுவில் ஒற்றைத் திரை

யன்னலுக்குத் திரைச்சீலை வாங்குவதும் ஒரு கட்டுரைக்குரிய பொருளா என்று வாசகர் சிலர் நகைத்தல் கூடும். சென்ற சோளகக் காலம் வரையில் நாமும் அவ்வாறு நகைப்பவராகவே இருந்தோம். துணிக்கடைக்குட் புகுந்து, கண்ணுக்கு இனிய நிறமொன்றைச் சுட்டிக்காட்டி, "இதிலே நாலு தாருங்கள்" என்று கேட்டு, பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்பதே எமது எண்ணம். அவ்வெண்ணத்துக்கு நாம் கொடுத்த விலை சிறிதன்று. அதனை ஒளிக்காது சொல்லின், இனி வாங்கப் போகும் குடும்பம் ஒன்றாயினும் தப்பிக்கொள்ளும் அல்லவா?

எம் தமக்கையார் இரணைமடுவில் வசிப்பவர். கண்டி வீதியிலுள்ள இரணைமடுச் சந்தியில் இறங்கி, குளத்தை நோக்கிச் செல்லும் பாதையிலிருந்து பிரியும் கிறவல் ஒழுங்கை ஒன்றிலே அவர் வீடு உளது. 2009 ஆம் ஆண்டிலே யுத்தத்தின் முடிவில் வன்னி மக்கள் இலட்சக் கணக்கில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டபோது அவரும் சென்றார். கையிலே இரண்டு வயதுப் பெண் குழந்தை. கூடாரம் ஒன்றை வேறொரு குடும்பத்துடன் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. இரு குடும்பங்களுக்கும் இடையே சுவராக நின்றது தமக்கையாரின் சேலை ஒன்றுதான். உடை மாற்றுதல், குழந்தையைக் குளிப்பாட்டுதல், கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலிற் பேசிக்கொள்ளுதல் எல்லாம் அந்தச் சேலைக்கு இப்பால். காற்றடித்தால் அச்சுவர் விலகும். இரவிலே விளக்கை ஏற்றினால் நிழலெல்லாம் மறுபுறம் தெரியும்.

பின்னர் ஊருக்கு மீண்டு, தறப்பாள் கொட்டிலில் நாள் கழித்து, இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ்க் கிடைத்த 550,000 ரூபாவுடன் கைக்காசையும் சேர்த்து வீட்டை எழுப்பினர். சென்ற ஆண்டு முன்புறத்தே ஓர் அறையைச் சேர்த்துக் கட்டினர். அன்று கையிலிருந்த குழந்தை இன்று உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவி. அவளுக்கென்றே எழுந்த அறை அது. ஆயின் அறையின் இரு யன்னல்களுள் ஒன்று ஒழுங்கைப் பக்கம். மற்றது மேற்குப் பக்கம். திறந்தால் ஒழுங்கையிற் செல்வோர் பார்வையும் செம்புழுதியும் மாலை வெயிலும் ஒருங்கே உள்ளே வரும். ஆகவே மருமகள் யன்னற் கதவுகளைச் சாத்திக்கொண்டு, வியர்த்து வடிய, பகலிலும் மின்குமிழை எரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். குளத்துக் காற்று வீசும் ஊரிலே இப்படியும் ஒரு புழுக்கமா என்று மனம் நொந்து, "திரைச்சீலையை நாம் வாங்கி வருகிறோம்" என்று வாக்களித்து வந்தோம். கூடத்து யன்னல்கள் இரண்டையும் சேர்த்து மொத்தம் நான்கு.

யாழ்ப்பாணத்திலே ஒரு கடையில் இளம்பச்சை நிறத்தில் ஆயத்தத் திரைச்சீலைகள் பொதிசெய்து வைக்கப்பட்டிருந்தன. பொதியின் மேல் 140 × 215 சென்ரிமீற்றர் என்று அச்சிட்டிருந்தது. மனத்துள்ளே கணக்குப் போட்டோம். 140 சென்ரிமீற்றர் என்பது ஏறத்தாழ 55 அங்குலம். தமக்கையார் வீட்டு யன்னல் 4 அடி, அதாவது 48 அங்குலம் இருக்கும் என்பது எமது ஞாபகம். 55 இல் 48 போக 7 அங்குலம் மிச்சம்! யன்னலுக்கு ஒன்றாக நான்கு வாங்கி, பஸ்ஸில் மடிமீது வைத்துக்கொண்டு பெருமிதத்துடன் கண்டி வீதி வழியே சென்றோம்.

மாட்டிப் பார்த்தபோது எமது முகம் போன போக்கைச் சொல்ல வேண்டுவதில்லை. திரைக்கம்பி யன்னலின் இருபுறமும் 6 அங்குலம் நீண்டு, 60 அங்குலமாயிருந்தது. 55 அங்குலத் துணியை அதன்மேல் எவ்வளவு இழுத்தாலும் இருமருங்கும் ஒளிக்கீற்று. இழுத்த துணியோ கொடியிலே காயப்போட்ட வேட்டிபோல் ஒரு மடிப்புமின்றித் தட்டையாகத் தொங்கியது. திறக்க விரும்பினால் முழுத்துணியும் ஒரே பக்கத்திற் போய்க் குவிந்தது. நீளமோ, நிலத்துக்கு 5 அங்குலம் மேலே நின்று, வளர்ந்த பையனின் பழைய காற்சட்டையை நினைவூட்டியது.

தமக்கையார் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு, "இரணைமடுவிலை இருக்கிற எனக்கு ஒற்றைச் சீலை கொண்டந்திருக்கிறாய், தம்பி. படிப்பிக்கிற உனக்கு இரணை எண்டால் என்னெண்டு தெரியாதோ?" என்றார்.

இரணை என்றால் இரட்டை. இரட்டைப் பிள்ளைகளை இரணைப் பிள்ளைகள் என்பது எம்மவர் வழக்கு. தமக்கையாரின் பரிகாசத்திலே முழு உண்மையும் அடங்கியிருந்தது. கடையிலே ‘பனல்’ என்று ஆங்கிலச் சொல்லாற் குறிப்பது, நான்கு புறமும் தைத்து முடிக்கப்பெற்ற ஒற்றைத் துண்டினையே. அது பெரும்பாலும் ஒரு யன்னலின் பாதி. பொதியின் விலை ஒரு துண்டுக்கா, ஒரு சோடிக்கா என்று கேட்டறிதல் வாங்குவோரின் முதற்கடமை. நாம் கேட்கவில்லை. மறுவாரம் பொதியைக் கொண்டு சென்றபோது, விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது என்ற அறிவித்தலைக் கடைக்காரர் விரலாற் சுட்டினார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அறிவித்தல் முதல்நாளும் அங்கேதான் இருந்தது.

இதிலே எம்மை மிகவும் நாணச் செய்தது வேறொன்று. இருபது ஆண்டுகளாக மாணவருக்குச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கற்பித்து வருகின்றோம். மாதவி ஆடிய அரங்கிலே மூவகைத் திரைகள் இருந்ததை இளங்கோவடிகள் கூறுகிறார். ஒருமுக எழினி என்பது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இழுக்கப்படும் ஒற்றைத் திரை. பொருமுக எழினி என்பது இரு பக்கங்களிலிருந்தும் வந்து நடுவிலே ஒன்றையொன்று பொருந்தும் இரட்டைத் திரை. கரந்துவரல் எழினி என்பது மேலே மறைந்திருந்து கீழிறங்கும் திரை. இன்று கடைகளில் விற்கும் அத்தனையும் இம்மூன்றனுள் அடங்கும். அதுவுமன்றி, திரைகளைச் சொல்லுமுன்னே அரங்கை அளந்த கோலைச் சொல்கிறார் அடிகள். அக்கோல் 24 விரல் அளவினது. அரங்கு 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் உடையது. அளவு முன்னும் திரை பின்னும் என்ற இவ்வொழுங்கைக் கரும்பலகையிலே எத்தனை முறை எழுதியிருப்போம்! கைக்கு 100 ரூபா பெறாத அங்குல நாடா ஒன்றைச் சட்டைப்பையில் இட்டுச் செல்ல மட்டும் எமக்குத் தோன்றவில்லை.

எம்மை மீட்டவர் அயலிலே தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணி. தமக்கையார் அழைக்க வந்து, திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, "சேர், நீங்கள் யன்னலை அளந்திருக்கிறியள். அளக்க வேண்டியது கம்பியை" என்றார். அவர் கற்பித்த கணக்கை வாசகர்களும் குறித்துக்கொள்வாராக.

முதலிற் கம்பியின் நீளத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பி யன்னலுக்குப் புறத்தே இருமருங்கும் 6 அங்குலமாவது நீண்டிருத்தல் நன்று. திரையை விலக்கும்போது துணி சுவர்மீது ஒதுங்க, யன்னல் முழுவதும் காற்றுக்குக் கிடைக்கும். அந்நீளத்தை இரண்டாற் பெருக்குக. எமது கம்பி 60 அங்குலம். ஆகவே 120 அங்குல அகலத் துணி வேண்டும். மெல்லிய துணியாயின் இரண்டரை மடங்கு வைப்பர்; கனத்த துணிக்கு ஒன்றரை மடங்கு போதும். இம்மிகுதி வீண் ஆடம்பரம் என்று எண்ணியிருந்தோம். அன்று, அலை அலையாக விழும் மடிப்புக்களே துணியை ஒழுங்காகத் தொங்கச் செய்வன, ஒளியையும் பார்வையையும் தடுப்பனவும் அவையே. சேலைக்குக் கொய்சகம் இல்லையேல் எப்படியோ, திரைக்கு மடிப்பில்லையேல் அப்படி. பொதியின் மேல் அச்சிட்டிருப்பது துணியை மேசைமீது விரித்துப்போட்ட அகலம். கம்பியிலே மடிந்து தொங்கும்போது 55 அங்குலத் துண்டு 28 அங்குலத்தையே நன்றாக மறைக்கும். இந்த ஒரு வேற்றுமையை அறிந்திருந்தால் எமது பணம் தப்பியிருக்கும்.

அடுத்து நீளம். நிலம்வரை தொங்கும் திரை பட்டினத்து மாளிகைக்கு அழகாயிருக்கலாம். கிறவல் ஒழுங்கையோரத்து வீட்டிலே அது விளக்குமாற்றின் வேலையைச் செய்யும். யன்னற் படிக்குக் கீழே 6 அங்குலம் இறங்கினால் அமையும். 48 அங்குல உயரமுள்ள யன்னலுக்கு, மேலே கம்பி வரையில் 6, கீழே 6, ஆக 60 அங்குலம். மேலும் கீழும் மடித்துத் தைப்பதற்கு 10 அங்குலம் சேர்த்தால் ஒரு வெட்டு 70 அங்குலம். கடையில் கேட்பதற்கு 2 யார் என்று கொள்ளலாம். துணியிலே பெரிய பூக்கள் இருப்பின் மற்றுமொரு சங்கடம் உண்டு. பூ 20 அங்குலத்துக்கு ஒருமுறை மீண்டும் வருமானால், இரு துண்டுகளிலும் பூக்கள் ஒரே வரிசையில் நிற்பதற்காக 70 அங்குலத்துக்குப் பதில் 80 அங்குலம் வெட்ட நேரும். மிச்சமெல்லாம் குப்பைக்கே.

இனி, துணியின் பன்னா எவ்வளவு என்று கேட்க மறத்தலாகாது. 60 அங்குலப் பன்னாவாயின் இரண்டு வெட்டிலே 120 அங்குலம் வந்துவிடும். ஒரு யன்னலுக்கு 4 யார். 45 அங்குலப் பன்னாவாயின் மூன்று வெட்டு வேண்டும், 6 யார். ஆகவே அகலத் துணியின் யார் விலை ஒடுங்கிய துணியின் விலையைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறைவாக இருக்கும் வரையில், விலை கூடியதாகத் தோன்றும் துணியே உண்மையில் மலிவானது. சில கடைகள் யாரிலும் சில கடைகள் மீற்றரிலும் விலை சொல்லும். யார் 36 அங்குலம். மீற்றர் 39 அங்குலத்துக்குச் சிறிது அதிகம். இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒப்பிட்டு ஏமாறுவோர் பலர். கணித ஆசிரியர்களே, பின்னமும் விகிதமும் எதற்கு என்று மாணவர் கேட்டால் துணிக்கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்!

6 யார் என்று கேட்டதும் தையற்காரப் பெண்மணிக்கு ஒரு யோசனை பிறந்தது. 45 அங்குலப் பன்னா, 6 யார் என்றால் அது ஏறக்குறைய ஒரு சேலை அல்லவா? "அக்கா, கூடத்து யன்னலுக்குப் பழைய சீலை ரெண்டைத் தாருங்கோ, ஒரு சதம் செலவில்லாமல் தைச்சுத் தாறன்" என்றார். கணக்கின்படி அது மிகவும் சரி. சிக்கனத்திலே தமக்கையாரை விஞ்சியவர் அவ்வூரில் இலர். ஆயினும் அவர் உடனே விடை கூறவில்லை. அடுக்களைப் பக்கம் சென்று, திரும்பி வந்து, "வேண்டாம் பிள்ளை. சீலையைச் சுவராக்கி இருந்தது போதும். இனிச் சீலை உடுக்கிறதுக்குத்தான்" என்றார்.

அதன்மேல் எவரும் பேசவில்லை. கூடத்துக்குத் துணி வாங்குவதென்றே முடிவாயிற்று.

இம்முறை கிளிநொச்சி நகருக்குத் தமக்கையாரையும் தையற்காரப் பெண்மணியையும் அழைத்துக்கொண்டு, நாடாவுடன் சென்றோம். துணி தெரிவதிலே அவ்விருவரும் காட்டிய நுட்பம் எம்மை வியக்க வைத்தது. கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது வலைபோன்ற மெல்லிய வெண்துணி. பகலிலே அதனூடாக நாம் வெளியே காணலாம். வெளியே நிற்போர் எம்மைக் காணார் என்று புகழ்ந்தார். அது மெய்யே. ஆனால் அவ்வித்தை வெளியே வெளிச்சம் மிகுந்திருக்கும் வரைதான். இரவிலே அறைக்குள் விளக்கெரிய, ஒழுங்கை இருண்டிருக்கும்போது நிலைமை தலைகீழாகும். உள்ளே இருப்பவர் அரங்கிலே நிற்பவர் ஆவர். பரீட்சைக்குப் படிக்கும் பெண் இரவு 11 மணிவரை விளக்கின் முன்னேதான் இருப்பாள். தமக்கையார் துணியை ஒருகையிற் பிடித்து, பின்னால் தம் கைத்தொலைபேசியின் ஒளியைப் பாய்ச்சி, இடையே மறுகையின் விரல்களை விரித்தார். விரல்கள் ஒவ்வொன்றாக எண்ணத்தக்கதாகத் தெரிந்தன. "வேறை காட்டுங்கோ" என்றார். இப்பரீட்சையை எங்கே கற்றார் என்று நாம் வினவவில்லை. மெனிக் பாமிலே விளக்கொளியிற் கண்ட நிழல்கள் அவருக்கு மறந்திருக்கமாட்டா.

துணியின் இயல்பைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். பருத்தி காற்றை விடும், கண்ணுக்கும் கைக்கும் இதமானது. ஆனால் முதல் நனைவிலே சுருங்கும். நூற்றுக்கு 5 பங்கு சுருங்கினாலும் 60 அங்குலத் திரை 3 அங்குலம் குட்டையாகும். ஆகையால் வெட்டுமுன் துணியை நனைத்துக் காயவிடுதல் வேண்டும். செயற்கை நூற்றுணி சுருங்காது, விரைவில் உலரும், வெயிலையும் நெடுநாள் தாங்கும். தீப்பற்றினாலோ உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும். குப்பி விளக்கும் நுளம்புச் சுருளும் எரியும் வீடுகளில், எந்தத் துணியாயினும், எரிபொருளுக்கு அருகே தொங்கவிடாமை அறிவு. அடுப்படிக்குத் திரையே வேண்டாம் என்பது எமது கருத்து. மேற்கு யன்னலுக்குக் கடுநிறம் வாங்குவோர் ஓரிரு ஆண்டுகளில் அது வெளிறி வரிவரியாவதைக் காண்பர். வெளிர் நிறமே அங்கு நிலைக்கும்.

கைத்தறித் துணியைக் கருதுவோருக்கு எம் நாட்டிலே மருதமுனை நெசவாளரும், தமிழகத்திலே கரூர் நெசவாளரும் பெயர்பெற்றோர். கரூரிலே திரைச்சீலையும் மேசைவிரிப்பும் நெய்து கடல்கடந்த நாடுகளுக்கு அனுப்புவது பெருந்தொழில். தமக்கையார் தெரிந்தது இளமஞ்சட் பருத்தித் துணி. 60 அங்குலப் பன்னா. கூடத்து இரு யன்னல்களுக்கும் 8 யார்.

எமது ஒற்றைத் துண்டுகள் நான்கும் வீணாகிவிடவில்லை என்பதையும் கூறிவிடுகிறோம். ஒரு யன்னலுக்கு இரண்டாக அவை மருமகளின் அறைக்குச் சென்றன. இரு துண்டும் சேர்ந்து 110 அங்குலம்; கம்பிக்கு இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு, ஆயினும் துணி கனமானதாகையாற் போதுமாயிற்று. தலைப்பிலே உலோக வளையங்கள் பொருத்திய துண்டுகள் அவை. வளையங்களின் தொகை இரட்டைப்படையாயிருந்தால்தான் இரு ஓரங்களும் சுவரை நோக்கி மடிந்து நிற்குமாம். எண்ணிப் பார்த்தோம், எட்டு இருந்தன. அந்த அளவிலாவது எமக்கு நல்லூழ் இருந்தது. அடியிலே மிஞ்சிய நீளத்தைத் தையற்காரப் பெண்மணி வெட்டியெடுத்து, மருமகளின் புத்தக அலுமாரிக்கு ஒரு மறைப்புத் தைத்தார். சோளகம் திரையைக் கூரைவரை தூக்கி எறியாதிருக்க, கீழ் மடிப்பின் மூலைகளிலே பழைய சதக் காசுகளை வைத்துத் தைத்தது தமக்கையாரின் யுக்தி. இரும்பை வைத்தாற் கறையேறும் என்றார்.

அன்றிரவு அங்கேயே தங்கினோம். உணவுக்குப் பின் ஒழுங்கையிலே இறங்கி நின்று அறையை நோக்கினோம். விளக்கு எரிவது துணியின் நிறத்திலே தெரிந்தது. உள்ளிருப்பவள் நிழல் தெரியவில்லை. தமக்கையாரும் படலையடிக்கு வந்து, நாம் பார்ப்பதைத் தாமும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாது உள்ளே போனார்.

விடிந்ததும் அவரே அறைக்குட் சென்று இரு துண்டுகளையும் இருபுறமும் விலக்கி, யன்னற் கதவுகளை அகலத் திறந்துவிட்டார். குளப்பக்கத்துக் காற்று ஒரே வீச்சாக உள்ளே புகுந்தது.

"அம்மா, கொப்பியெல்லாம் பறக்குது!" என்று கூவினாள் மருமகள்.

"பறக்கட்டும் பிள்ளை" என்றார் தமக்கையார்.